இருபத்தைந்தாவது வரி

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையில், கண்டக்டருக்கு மனசு வந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஊர் ஒன்று. அந்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அட்டெண்டராக இருந்தவள் வேம்பு. மணி அடிப்பாள், குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பாள், சாக்பீஸ் எடுத்துக் கொடுப்பாள், சோதனைச்சாலைக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவள் பெயரை யாராவது கூப்பிடுவார்கள். அவளிடம் எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை.

வேலை புருஷன் வழியில் வந்தது. சின்னதுரை அதே பள்ளியில் வாட்ச்மேனாக இருந்தான். எண்பத்தொன்றாம் வருஷம் ஒரு சாயங்காலம் சுண்ணாம்புக்கல் லாரி அவனையும் சைக்கிளையும் சேர்த்து அடித்துப் போட்டுவிட்டுப் போனது. கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. அரசாங்கம் இரக்கப்பட்டு அவளுக்கு வேலை கொடுத்தது. வாட்ச்மேன் குடியிருந்த அறையையும் அவளுக்கே விட்டது. காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய எட்டுக்குப் பத்து அறை. ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடம், கதவைத் திறந்தாலும் பள்ளிக்கூடம். லாரி போகும்போதெல்லாம் வெள்ளைத் தூசி வந்து சோற்றுப் பானை மேல் படியும்.

"எங்கண்ணன் உசுரக் குடுத்து வாங்குன வேலை இது. நீ வேற ஒருத்தனக் கட்டிக்கிட்டா மறுநாளே மனு போட்டுருவேன்" என்று கொழுந்தன் பதினாறாம் நாள் காரியத்திலேயே சொல்லிவிட்டான். பிறந்த ஊருக்குத் திரும்பலாம் என்றால், வாலிகண்டபுரத்தில் அம்மா சின்னம்மாள் கூலி நடவுக்குப் போய் ஒற்றை வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆக, வேம்பு எங்கும் போக முடியாது.

போக ஒரே ஒரு வழி இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தால் எழுத்தர் வேலைக்குப் பெயர் அனுப்புவார்கள். பெரம்பலூரோ திருச்சியோ, வேறு ஆபீஸ், வேறு ஊர். ஆனால் அந்த வழியில் கணக்கு குறுக்கே படுத்திருந்தது. மற்ற பாடமெல்லாம் முதல் தடவையே தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் பன்னிரண்டு, பதினெட்டு, ஒன்பது. மூன்றாவது தடவை மார்க் குறைந்ததும் புத்தகத்தைத் தூக்கிக் கூரை எறவாணத்தில் செருகிவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். இடையில் அரியலூரில் டைப்ரைட்டிங் லோயர் முடித்ததுதான் மிச்சம். அதை வைத்து யாரும் அவளுக்கு ஒன்றும் தரவில்லை.

எண்பத்தாறில் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தில்லியில் யாரோ நினைத்தார்கள், திருச்சி வழியாக லாரியில் வந்து இறங்கியது. டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை, டி.வி. மாதிரி ஒரு பெட்டி, எழுதியதைச் சேமித்து வைக்க ஒரு டேப்ரெக்கார்டர். கண்ணையன் என்ற வாத்தியார் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்து, இரண்டு மாதம் ஆசையாகச் சொல்லிக்கொடுத்தார். பிறகு சொந்த ஊருக்கு மாற்றல் வந்ததும் தடித்த புத்தகம் ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் அந்த மெஷினுக்கு நடந்ததெல்லாம் மரியாதைதான். சிவப்புத் துணியில் உறை தைத்துப் போட்டார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தார்கள். சந்தனம் வழிந்து இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டது.

தலைமையாசிரியர் ராசாங்கத்துக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. பயந்த மனுஷர். அறைச் சாவியை வேம்பு கையில் கொடுத்து ஒரே ஒரு உத்தரவு போட்டார்.

"தெனம் தொறந்து தொடச்சு வை. தொடைக்கலாம், சுவிட்சத் தொடக்கூடாது. எதாச்சும் ஆச்சுன்னா என் பென்ஷன்லதான் கைவைப்பாங்க, தெரிஞ்சுக்க."

"சரிங்கய்யா" என்றாள் வேம்பு. அவள் சொன்ன சொல் மீறாதவள் என்பது ஊருக்கே தெரியும்.

நாற்பது நாள் மீறவும் இல்லை. சந்தனத்தைச் சுரண்டி எடுத்தபோதுதான் விரல் தானாக டைப் அடிக்கிற நிலைக்குப் போனது. சுவிட்சைப் போட்டாள். பெட்டியில் வெளிச்சம் வந்து ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது. என்ன வேண்டும் என்று கேட்பது போலிருந்தது. இந்த ஐந்து வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பயத்தில் உடனே அணைத்துவிட்டாள். மறுநாளும் போட்டாள்.

ஆங்கிலம் அரைகுறைதான், ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி அடிக்கத் தெரியும். புத்தகத்தில் இருந்ததை வரிவரியாக அடித்தாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பத்து, இருபது, முப்பது என்று எண் போடவேண்டும். ஒன்று, இரண்டு என்று போடாமல் ஏன் பத்துப் பத்தாகப் போடவேண்டும் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. ஒரு வரியை விட்டுவிட்ட அன்றைக்குத்தான் புரிந்தது. இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே இருபத்தைந்து என்று அடித்தால், விட்டுப்போன வரி தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எதையும் அழிக்க வேண்டியதில்லை. மறதிக்காரர்களுக்காக இப்படி இடம் விட்டு வைத்த புண்ணியவான் யாரோ என்று வேம்பு நெகிழ்ந்துபோனாள்.

எக்ஸ் என்றால் என்ன என்பதும் அங்கேதான் புரிந்தது. பள்ளியில் படித்தபோது எக்ஸ் என்றால் அவளுக்கு அடிதான் ஞாபகம். இந்த மெஷினுக்கு எக்ஸ் என்பது அஞ்சறைப் பெட்டியில் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். நாலு போட்டால் நாலு இருக்கும், ஒன்பது போட்டால் ஒன்பது. வாத்தியார்கள் மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமலேயே விட்டுவிட்டார்கள். வேம்புவுக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் அழுகை வந்துவிட்டது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பத்தாம் வகுப்பில் தேறுகிறவர் சதவீதம் குறைந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அதனால் காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் கணக்கு வாத்தியார் பழனிவேல், தேறமாட்டார்கள் என்று தோன்றுகிறவர்களைத் தனியாகப் பிரித்துவிடுவார். கடைசி இரண்டு பீரியடும் அவர்களுக்கு வகுப்பு கிடையாது. "போய் மரத்துக்குத் தண்ணி ஊத்துங்க" என்பார். பிப்ரவரியில் திருப்புதல் பரீட்சை. அதில் முப்பத்தைந்து வாங்காதவர்களுக்கு வருகை குறைவு என்று எழுதிப் பொதுப் பரீட்சைக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள். சதவீதம் பிழைத்துக்கொள்ளும். பிள்ளைகள் போன இடத்தை யாரும் கேட்பதில்லை. பாதிப் பேர் கல் உடைக்கப் போவார்கள்.

எண்பத்தேழில் அப்படித் தண்ணீர் ஊற்ற வந்தவர்கள் பதினொரு பேர். அவர்களை மேய்க்கிற பொறுப்பு வேம்புவுக்கு. புங்கங்கன்று மொத்தமே எட்டு. அரை மணியில் வேலை முடிந்துவிடும். மிச்ச நேரம் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வகுப்பில் நடக்கிற பாடத்தைத் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் மலர்கொடியின் அம்மா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி. "நீ தேறலைன்னா ஆனி மாசத்துலருந்து எங்கூட வந்துரு" என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாளாம். மலர்கொடி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு வேம்புவால் தாங்க முடியாததாக இருந்தது.

"ஏ, எல்லாரும் கைய நல்லா கழுவிட்டு வாங்க" என்றாள் ஒரு நாள். கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்தாள்.

அவள் ஒன்றும் பெரிதாகத் திட்டம் போடவில்லை. இருபடிச் சமன்பாட்டை எப்படிப் போடுவது என்று அவர்களுக்குச் சொல்லித்தர அவளுக்குத் தெரியாது. "இதுக்குக் கணக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்" என்றாள், மெஷினைக் காட்டி. பதினொரு பேரும் சிரித்தார்கள். கொளஞ்சி என்ற பையன், வகுப்பில் வாய் திறக்காதவன், முன்னால் வந்து ஏதோ சொன்னான். வேம்பு அடித்தாள். மெஷின் நின்றுவிட்டது. 'மிஸ்டேக், முப்பதாவது வரி' என்று பெட்டியில் எழுத்து வந்தது.

"திட்டுதாக்கா?" என்றான் கொளஞ்சி.

"திட்டல. எந்த வரின்னு சொல்லுது."

பிள்ளைகள் பெட்டியை நெருங்கி வந்து பார்த்தார்கள். இதுவரை அவர்கள் நோட்டில் கண்டதெல்லாம் பக்கத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை இழுத்த சிவப்புக் கோடுதான். முழுதும் தப்பு என்று அதற்கு அர்த்தம். முப்பதாவது வரி மட்டும் தப்பு, மற்றதெல்லாம் சரி என்று ஒருவர் சொல்லி இப்போதுதான் கேட்கிறார்கள். கொளஞ்சி அந்த வரியை மாற்றச் சொன்னான். விடை வந்தது. "நம்மளவிட மக்குக்கா இது. ஒண்ணொண்ணா சொன்னாத்தான் செய்யும்" என்று மலர்கொடி கத்தியேவிட்டாள். வேம்பு ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

கார்த்திகையிலிருந்து மாசி வரை அப்படியே நடந்தது. தண்ணீர் ஊற்றுவார்கள், கை கழுவுவார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். மெஷினுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் முதலில் தங்களுக்குத் தெரியவேண்டும் என்பதால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். மெஷின் நிற்கிற வரி வேறு, தப்பு இருக்கிற வரி வேறு என்பதையும் கண்டுபிடித்தார்கள். ஐம்பதாவது வரியில் நின்றால் தப்பு அனேகமாக மேலே எங்கேயோ இருக்கும். கரண்டு இல்லாத நாளில் வேம்புவே மெஷினாக நிற்பாள். பிள்ளைகள் சொல்கிறபடி, சொல்கிறதை மட்டும், கரும்பலகையில் எழுதுவாள். தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுதுவாள். மேலே போக முடியாதபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அது அவளுக்கு நன்றாக வந்தது. சொன்னதைச் செய்வதும் சொல்லாததைச் செய்யாமலிருப்பதும் அட்டெண்டருக்குப் புதிதா என்ன?

இவ்வளவுக்கும் நடுவே ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு காது வாசலில்தான் இருந்தது. வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் பதினொரு பேரும் மூச்சை அடக்குவார்கள். அகப்பட்டால் வேலை போகும்; அந்த எட்டுக்குப் பத்து அறையும் போகும். வெறுத்த அறைதான், ஆனாலும் அது போனால் தலை சாய்க்க இடம் இல்லை.

டிசம்பரில் அவள் இன்னொரு காரியமும் செய்தாள். தனித்தேர்வராகக் கணக்குப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டாள். பள்ளியில் தெரியக்கூடாது என்று அம்மாவின் வாலிகண்டபுரத்து விலாசத்தை எழுதினாள். அரசாங்க ஊழியர் பரீட்சை எழுத முன் அனுமதி வாங்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள்.

திருப்புதல் பரீட்சையில் பதினொரு பேரும் முப்பத்தைந்துக்கு மேல் வாங்கிவிட்டார்கள். பழனிவேல் சார் நம்பவில்லை. வேறு கேள்வித்தாள் கொடுத்து எதிரே உட்கார்ந்து மறுபடி எழுதவைத்தார். மறுபடியும் வாங்கினார்கள். ஓரத்தில் இருந்த எண்களைப் பார்த்து, "இது என்னடா, பஸ் நம்பர் கணக்கா?" என்று கேட்டார். "மறக்காம இருக்கத்தான் சார்" என்றாள் மலர்கொடி. அவர் தோளைக் குலுக்கிவிட்டு எல்லோருக்கும் ஹால் டிக்கெட் போடச் சொன்னார்.

பரீட்சைக்கு முதல் நாள் வேம்பு பிள்ளைகளிடம் சொன்னாள்: "எது மறந்தாலும் நம்பரு போட மறக்காதீங்க. பத்து, இருபதுன்னு போட்டு இடம் விட்டு எழுதுங்க. எங்கயாச்சும் நின்னுட்டா மேல போய்ப் பாருங்க."

அரியலூர் மையத்தில் பிள்ளைகள் முன் அறையிலும் வேம்பு பின் அறையிலும் எழுதினார்கள். அவளும் எண் போட்டாள். மூன்று தடவை விழுந்தவள் நாலாவது தடவை பத்து, இருபது, முப்பது என்று எழுதிக்கொண்டே போனாள். ஒரு கணக்கில் நாற்பதில் நின்றது. மேலே போய்ப் பார்த்தாள். இருபதில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. வெளியே வந்தபோது வெயிலில் எல்லாமே வெள்ளையாகத் தெரிந்தது. மலர்கொடி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

ரிசல்ட் பேப்பரில் வந்த அன்றைக்குப் பதினொரு நம்பரும் இல்லை. வேம்புவின் நம்பரும் இல்லை.

அதை என்னவென்று சொல்வது! ஒருவர் இருவர் போயிருந்தால் மனசு ஆறும். பன்னிரண்டும் போய்விட்டது. மலர்கொடி அடுத்த வாரமே அம்மாவோடு சுரங்கத்துக்குப் போனாள். கொளஞ்சி வேம்புவைப் பார்க்கக்கூட வரவில்லை. தான் தெரிந்த மாதிரி நடித்துப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டோம் என்று வேம்பு மணி அடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துத்தான் பரீட்சைத் துறையிலிருந்து பள்ளிக்குக் கடிதம் வந்தது. பிள்ளைகள் தோற்கவில்லை, முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு விடைத்தாள்களில் ஒரே மாதிரி ஓரத்தில் எண்கள். பிற்பாடு சேர்த்து எழுதின இடத்தில் இருபத்தைந்து, முப்பத்தைந்து என்று நடுவே வேறு எண்கள். இது திருத்துகிறவருக்குப் போட்ட ரகசிய அடையாளமாகவோ ஒட்டுமொத்தமாகக் காப்பியடித்ததாகவோ இருக்கலாம். நேரில் விசாரிக்க வருகிறோம். நிரூபணமானால் இரண்டு வருஷம் பரீட்சை எழுதத் தடை.

ராசாங்கம் அதை வாத்தியார்களுக்குப் படித்துக் காட்டியதை வேம்பு வாசலில் நின்று கேட்டாள். எண் போடச் சொன்னது அவள்தான்.

வியாழக்கிழமை ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். தலைமை அதிகாரி சம்பூர்ணம், கண்ணாடி போட்ட அம்மா, அதிகம் பேசாதவர். ராசாங்கத்தின் அறையில் உட்கார்ந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் முந்தின நாளே கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருந்தார்கள்: என்ன ஆனாலும் அக்கா பெயரைச் சொல்லக்கூடாது. அதனால் ஒவ்வொருவரும் உள்ளே போய், "சும்மாதான் போட்டேங்கம்மா" என்று ஒரே பதிலைச் சொன்னார்கள். பதினொரு பேர் ஒரே பதிலைச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

வேம்பு டீ எடுத்துக்கொண்டு போனாள். மலர்கொடி மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையெல்லாம் கல் கீறிய காயம்.

"பன்னெண்டாவது ஆளுதான் இதுக்கெல்லாம் சூத்ரதாரி" என்று அதிகாரிகளில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். "தனித்தேர்வர். வாலிகண்டபுரத்து விலாசம். கடுதாசி போட்டும் வரல. அவன்தான் எல்லாருக்கும் எழுதிக் குடுத்திருக்கணும்."

அந்தக் கடிதம் சின்னம்மாள் வீட்டில் காலண்டருக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அரசாங்கக் கடிதம் என்றதும் மகளுக்கு ஏதோ நல்லது வந்திருக்கிறது என்று அந்த அம்மாள் பிரிக்காமலேயே மஞ்சள் தடவி வைத்திருந்தாள்.

வேம்பு டீத் தட்டைக் கீழே வைத்தாள். பேசாமல் திரும்பிப் போய்விடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. வேலை இருக்கும், அறை இருக்கும், மணி இருக்கும்.

"பன்னெண்டாவது பேப்பர் என்னுதுங்கம்மா" என்றாள்.

ராசாங்கத்தின் டம்ளரிலிருந்து டீ மேஜையில் சிந்தியது. வேம்பு வழக்கப்படி அதைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சாவி, சுவிட்சு, கதவு, கார்த்திகையிலிருந்து மாசி வரை. "நம்பரு போடச் சொன்னது நாந்தாங்க. புள்ளைங்க மேல தப்பு இல்ல."

"அக்கா, சும்மா இருக்கா!" என்று மலர்கொடி அழுதாள்.

"மெஷினப் போட்டுக் காட்டு" என்றார் சம்பூர்ணம். பழனிவேல் சாரும் சேர்ந்துகொள்ள, எல்லோரும் போனார்கள். கரண்டு இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும். ஜீப் நாலு மணிக்குக் கிளம்பவேண்டும். 'கதை நல்லாத்தான் இருக்கு' என்கிற மாதிரி மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கரண்டு இல்லாட்டி நான் நிப்பேங்கம்மா. மெஷினா" என்றாள் வேம்பு.

சம்பூர்ணம் அந்த அறைக் கரும்பலகைக்கு முன்னால் போனார். பிறகு தானே சாக்பீஸை எடுத்துக் கணக்கை எழுதினார். இரண்டு எக்ஸ் வர்க்கம், கழித்தல் எக்ஸ், கழித்தல் ஆறு, சமம் பூஜ்யம். மலர்கொடி அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று சொல்ல, வேம்பு எழுதினாள்.

"பத்து. ஏ ரெண்டு, பி மைனஸ் ஒண்ணு, சி ஆறு." வேம்பு அப்படியே எழுதினாள். "இருபது. பியை பியாலப் பெருக்கு." ஒன்று. "முப்பது. நாலு, ஏ, சி மூணையும் பெருக்கு." நாற்பத்தெட்டு. "நாப்பது. இருபதுல வந்ததுலருந்து முப்பதுல வந்தத கழி." கழித்தல் நாற்பத்தேழு. "அம்பது. அதுக்கு வர்க்கமூலம் எடு."

வேம்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சாக்பீஸ் சத்தம் நின்றுபோனது. பழனிவேல் சார் வாயைத் திறந்தார். சம்பூர்ணம் கையைக் காட்டி அடக்கினார். தப்பு எங்கே என்று வேம்புவுக்குத் தெரியும். சொன்னால் எல்லாம் போச்சு. கண்ணால்கூடக் காட்டவில்லை. தன் வாழ்க்கையில் இத்தனை கஷ்டப்பட்டு அவள் சும்மா நின்றதில்லை.

"அம்பதுல நிக்குதா?" மலர்கொடி மெதுவாகக் கேட்டாள். "மைனஸுக்கு மூலம் வராது. அப்ப நாப்பது... நாப்பது சரிதான். முப்பது..." விரலை மடக்கினாள். "அய்யோ, பத்துலயே தப்பு! சி மைனஸ் ஆறு. பத்த மாத்துக்கா!"

வேம்பு மாற்றினாள். முப்பதில் கழித்தல் நாற்பத்தெட்டு. நாற்பதில் நாற்பத்தொன்பது. ஐம்பதில் ஏழு. எக்ஸ் இரண்டு, இல்லாவிட்டால் கழித்தல் ஒன்றரை.

சம்பூர்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காப்பி அடிச்சவனுக்குத் தப்பு எங்க இருக்குன்னு தேடத் தெரியாது. இவங்க காப்பி அடிக்கல" என்று தன்னோடு வந்தவர்களிடம் சொன்னார். வேம்புவின் பக்கம் திரும்பினார். "ஆனா நீ செஞ்சத நான் எழுதாம இருக்க முடியாதும்மா."

"எழுதுங்கம்மா" என்றாள் வேம்பு.

ஆவணியில் முடிவு வந்தது. பதினொரு பேரும் கணக்கில் தேறியிருந்தார்கள். கொளஞ்சி கணக்கில் அறுபத்தொன்று வாங்கி இங்கிலீஷில் இருபத்தொன்பதில் விழுந்திருந்தான். அவன் நாலு நாள் அந்த அறுபத்தொன்றையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மலர்கொடி சுரங்கத்திலிருந்து நேராக வந்து பிளஸ் ஒன்னில் சேர்ந்தாள். வேம்புவுக்கு ஐம்பத்திரண்டு.

அதே தபாலில் அவளுக்கு மெமோவும் வந்தது. வேலை போகவில்லை. உத்தரவின்றி மெஷினைப் போட்டதற்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தம். முன் அனுமதி இன்றிப் பரீட்சை எழுதியதால் அந்தத் தேர்ச்சியை எஸ்.ஆர். புத்தகத்தில் பதிய இயலாது. எஸ்.ஆர். என்பது அரசாங்க ஊழியரின் ஜாதகம். சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெறுகிற நாள் வரை எல்லாம் அதில் இருக்கும். அதில் இல்லாதது நடக்கவே இல்லை என்று அர்த்தம். எழுத்தர் வேலைக்குப் பெயர் போகாது. எட்டுக்குப் பத்து அறை அப்படியே இருக்கும்.

ராசாங்கம் சாவியை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "நான் என்னம்மா செய்வேன்" என்று அவரே இரண்டு தடவை சொன்னார். "மெமோவுக்கு வெளக்கம் எழுதிக் குடு. அத எஸ்.ஆர்.கூட வச்சுத் தச்சுருவாங்க, காலத்துக்கும் இருக்கும். பாத்து எழுது, பணிவா இருக்கட்டும்."

வேம்பு அவர் மேஜை ஓரத்தில் நின்றபடியே எழுதினாள். ராசாங்கம் வாங்கிப் படித்தார்.

10. கம்ப்யூட்டரைப் போட எனக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. நானாகப் போட்டேன்.

20. அனுமதி வாங்காமல் கணக்குப் பரீட்சை எழுதியது உண்மை.

30. இனிமேல் உத்தரவு இல்லாமல் எதையும் செய்யமாட்டேன்.

"இதுலயும் நம்பரா? நடுவுல எதுக்கு இவ்வளவு எடம்?"

"ஏதாச்சும் விட்டுப்போயிருந்தா சேத்துக்கலாம்ல, அதுக்குங்கய்யா."

"என்ன விட்டுப்போச்சு?"

வேம்பு யோசித்தாள். காகிதத்தைத் திருப்பி வாங்கினாள். இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே, டைப் அடித்த மாதிரி தெளிவான எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

25. அந்தப் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு மார்க் வாங்கித் தேறினேன்.

ராசாங்கம் அதையும் படித்தார். திருத்தி எழுதச் சொல்லவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தினார். பீரோவைத் திறந்து அவளுடைய எஸ்.ஆர். புத்தகத்தை எடுத்து, காகிதத்தில் ஓட்டை போட்டு, கயிற்றைக் கோர்த்து, இரண்டு முடிச்சாகப் போட்டார்.

மணி மூன்றாகிவிட்டது. வேம்பு பீரியட் மணி அடிக்கப் போனாள்.